ஒத்தச் சந்துல முப்பது லாரி

கோழித் தீவன மில்லு முதலாளி பொங்கியண்ணன், சோள லாரியோட வந்த விவசாயி பாவாயி முன்னால கேட்டை அடைச்சு மீசையை முறுக்குனாரு.

"சோளத்துல ஈரம் பாக்கற மீட்டர் சைபர் காட்டணும். இல்லேன்னா லாரியத் திருப்பு! இந்த மில்லு வளந்தது என் மூளையால, உங்க சோளத்தால இல்ல!"

வறுத்த சோளத்துக்கே சைபர் வராதுங்க! மழை வேற இருட்டிக்கிட்டு வருது. சோளம் நனைஞ்சா பாவாயியோட ஒரு வருசப் பாடு போச்சு. அவளா அசருவா?

"திருப்பிடறேனுங்க. ஒத்தச் சந்து பாருங்க, பின்னால நிக்கற சோள லாரி, சோயா லாரி முப்பதும் போனாத்தான் நான் போகமுடியும். எல்லாரும் ரிவர்ஸ் எடுங்கப்பா!"

லாரியெல்லாம் பின்னால நகந்துச்சு. உள்ள மெஷினு வெறும் வயித்தோட கடகடன்னு கத்துச்சு.

"ஐயோ, அரைக்க ஒண்ணுமில்லையே!"ன்னு முதலாளி அலறுனாரு.

"உங்க மூளையப் போடுங்க."

முதலாளியே ஓடியாந்து கேட்டைத் தொறந்தாரு. மீட்டரைத் தொடவே இல்ல.