ஒரு நாள் பார்த்த துறைமுகம்

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் பன்னிரண்டு கொக்குகள் குடியிருந்தன. அவற்றில் ஒருவன் பெயர் நெட்டையன். அவன் மனைவி தும்பை. அவர்களுக்கு மூன்று குஞ்சுகள். மூன்றாவது குஞ்சு மற்ற இரண்டையும்விட நாலு நாள் பிந்திப் பொரிந்தது, உருவத்திலும் சிறியது. அதனால் அதற்குக் கடுகு என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வருஷம் பங்குனியிலேயே ஏரி பாதிக்கு மேல் வற்றிவிட்டது. தண்ணீர் இருந்த இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. வேறு இடம் பார்ப்பதா, மழை வரும்வரை இருக்கிற தண்ணீரில் காலம் தள்ளுவதா என்று கொக்குகள் தினமும் கூடிப் பேசின. கூட்டம் மட்டும் ஒழுங்காக நடந்தது, முடிவுதான் வரவில்லை.

தும்பைக்கு ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. கடுகின் சிறகு இன்னும் தேறவில்லை. மரத்திலிருந்து கரைக்குப் பறப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. தூரப் பயணம் போனால் பிள்ளை என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம்.

நெட்டையனுக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. கடலோரத்துத் துறைமுகங்களில் மீன் கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு பருந்து சொல்லிக் கேட்டிருந்தான். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். மற்ற கொக்குகளுக்கு ஏக நிம்மதி. ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னால் யோசிக்கிற வேலை மிச்சமல்லவா?

பங்குனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, விடிந்ததும் விடியாததுமாக நெட்டையன் கிளம்பினான். வெயில் ஏறுமுன் கடல் தெரிந்தது. அவன் அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவசரம் ஒன்றுமில்லை என்று கரையை ஒட்டித் தாழ்வாகப் பறந்தான்.

முதலில் ஒரு சின்னத் துறை வந்தது. மணலில் ஏழெட்டுப் படகுகள். பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூடைக்கு வெளியே தெறித்த மத்தி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அங்கிருந்த பாறையில் கொஞ்ச நேரம் நின்று காற்று வாங்கினான். அடுத்த துறையில் ஐஸ் உடைக்கிற சத்தம் காதைத் துளைத்தது. அதையும் வேடிக்கை பார்த்தான். மதியத்துக்குப் பெரிய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான்.

அடேயப்பா, அதுவல்லவா காட்சி! விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. பெட்டி பெட்டியாக மீன் இறங்கியது. ஏலம் கேட்கிறவர்களின் கூச்சல் வானத்தை முட்டியது. விலை போகாத பொடி மீனைக் கரையிலேயே தள்ளிவிட்டுப் போனார்கள். நெட்டையன் கழுத்து வீங்கும் அளவுக்குச் சாப்பிட்டான். பிறகு ஒரு படகின் நிழலில் ஒற்றைக் காலில் நின்று கண்ணயர்ந்தான்.

விழித்தபோது ஒரு சாம்பல் நிறப் பூனை மீன் தலைகளைக் கவ்விக்கொண்டு போய் வெயிலடிக்கும் ஓட்டின்மேல் பரப்பிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் அதற்குச் சொக்கி என்று பெயர். இவ்வளவு புது மீன் கிடக்கும்போது காய்ந்த தலை எதற்கு என்று நெட்டையன் கேலி செய்தான்.

"சித்திரை பிறக்கப் போகுதில்லண்ணே" என்று சொக்கி ஆரம்பித்தது. "அப்புறம் இங்க நிலைமையே..."

"ஏம்மா, நான் ஒரு நாள் சுத்திப் பார்க்க வந்திருக்கேன். உன் கவலையெல்லாம் எங்கிட்ட சொல்லாதே" என்றான் நெட்டையன்.

சொக்கி அடுத்த தலையை எடுக்கப் போய்விட்டது. அதற்கு ஆயிரம் வேலை.

சாயங்காலம் அவன் ஏரிக்குத் திரும்பினான். கொக்குகள் சுற்றி நின்று கேட்டன. அவன் படகைச் சொன்னான், ஏலத்தைச் சொன்னான், பொடி மீன் குவியலை முழங்கால் உயரம் என்று சொன்னான். உண்மையில் அது கணுக்கால் உயரம்தான். ஊர் சுற்றி வந்தவன் அந்த அளவுகூடக் கூட்டிச் சொல்லாவிட்டால் எப்படி?

தும்பை மட்டும் குறுக்கிட்டாள். "ஏங்க, மீன் வராத நாள்ல அங்க இருக்கிறவங்க என்ன சாப்பிடறாங்க?"

"மீன் வராத நாளா? நீ வந்து பாரு, அப்புறம் பேசு."

எல்லாக் கொக்குகளும் சிரித்தன. தும்பை கேட்டது நல்ல கேள்வி. ஆனால் வயிறு நிறைந்தவன் கதை சொல்லும்போது நல்ல கேள்வியை யார் கேட்கிறார்கள்?

மூன்றாம் நாள் கொக்குக் கூட்டம் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. கடுகு வழியெல்லாம் இறங்கி இறங்கிப் பறந்தது. தும்பை கூடவே இறங்கினாள். மற்றவர்கள் காத்திருந்து காத்திருந்து சலித்தார்கள். பெரிய துறைமுகத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடுகு ஒரு கல்லின்மேல் விழுந்த மாதிரி உட்கார்ந்தது. அதற்குமேல் சிறகைத் தூக்க அதனால் முடியவில்லை.

துறைமுகம் அமைதியாக இருந்தது. படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலைகள் சுருட்டி மூடப்பட்டிருந்தன. ஏலம் நடந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஒரு செதில்கூட இல்லை. ஓர் ஆள் மட்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

நெட்டையன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு சொக்கியைத் தேடிப் போனான்.

"ரெண்டு மாசத்துக்கு விசைப்படகு கடலுக்குப் போகாதுண்ணே. மீன் முட்டையிடுற காலம். வருஷா வருஷம் சித்திரையில இப்படித்தான்" என்றது சொக்கி. "நீங்க வந்த அன்னைக்குத்தான் எல்லாப் படகும் கடைசியா பிடிச்சதைக் கொண்டுவந்து இறக்குனாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன்."

அதற்குமேல் சொக்கி குத்திக் காட்டவில்லை. தன் சேமிப்பிலிருந்து இரண்டு மீன் தலைகளைக் கடுகுக்குக் கொண்டுவந்து வைத்தது. அதற்கும் புதரடியில் நாலு குட்டிகள் இருந்தன, அதற்குமேல் கொடுக்க அதனிடம் இல்லை.

மறுநாள் கொக்குகள் அக்கம்பக்கத்துத் துறைகளுக்குப் போய்ப் பார்த்தன. அங்கே சின்னப் படகுகள் கடலுக்குப் போய் வந்தன. ஆனால் வந்த நாலு கூடை மீனையும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துப் போனார்கள். மிச்சம் விழுந்ததற்கு அந்த ஊர்க் காக்கைகளே அடித்துக்கொண்டன. இரண்டு நாள் பட்டினி கிடந்த பிறகு கூட்டம் ஏரிக்கே திரும்பத் தீர்மானித்தது. நெட்டையனை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடுகினால் மட்டும் பறக்க முடியவில்லை. இரண்டு மூத்த குஞ்சுகளையும் கூட்டத்தோடு அனுப்பிவிட்டுத் தும்பை கல்லருகில் நின்றாள்.

"நான் இவன்கூட இருக்கேன். இவனுக்குச் சாப்பாடு நீங்கதான் கொண்டு வரணும்" என்றாள்.

"எங்கேருந்து?" என்று கேட்டான் நெட்டையன்.

"நாம வேண்டாம்னு விட்டுட்டு வந்த இடத்திலேருந்துதான்."

அவன் போனான். வற்றிய ஏரியின் நடுவில் மிஞ்சிய குட்டையில் கெண்டையும் தவளையும் நெருக்கியடித்துக் கிடந்தன. தண்ணீர் குறையக் குறைய மீன் ஒரே இடத்துக்கு ஒதுங்கும் என்று அத்தனை நாள் அங்கே வாழ்ந்தும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. கழுத்து நிறைய மீனை அடக்கிக்கொண்டு மறுபடி கடற்கரைக்குப் பறந்தான். மறுநாளும் பறந்தான். அதற்கடுத்த நாளும். வழியில் அதே கடல், அதே பாறை, அதே காற்று. எதிலும் அவன் இறங்கவில்லை. பசியோடு ஒரு பிள்ளை அங்கே காத்திருந்தது, நேரம்தான் போதவில்லை. சுற்றிப் பார்த்த அன்று இனித்த வழி இப்போது வெறும் தூரமாக இருந்தது.

இருபத்தோராம் நாள் கடுகின் சிறகு தேறியது. மூவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். அதற்குள் நெட்டையன் பாதியாக இளைத்திருந்தான். கடுகுக்கு இப்போதுதான் கடலைப் பார்க்கத் தெம்பு வந்திருந்தது.

"எவ்வளவு அழகா இருக்குப்பா. உங்களுக்கு இந்த இடம் பிடிக்குமா?" என்று கேட்டது.

"ஒரு நாள் பிடிச்சிருந்துச்சு" என்றான் நெட்டையன்.

வேடிக்கை பார்க்கப் போனவன் கண்ணுக்கு ஓர் ஊரின் விருந்து மட்டுமே தெரியும். அங்கே குடியேற நினைப்பவன் அந்த ஊரின் பட்டினி நாளையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.