பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர்

படம் ஒன்று, அதற்குச் சம்மதம் சொன்னவர்கள் இருவர், காட்டியவர் ஒருவர். விடையை நீங்கள் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரில் பொன்னரங்கம் என்று ஒரு கேலிச்சித்திரக்காரர். அவருடைய மனைவியின் அண்ணன் நாச்சிமுத்து, மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் வாசலில் இருந்த பிளாஸ்டிக் செடிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவது அவர் வழக்கம். கேட்டால், "தூசி போகுமில்ல?" என்பார்.

அதை வரையலாமா என்று கேட்டார் பொன்னரங்கம்.

"வரைஞ்சுக்க மாப்ள. காதை மட்டும் பெருசாப் போட்றாத."

ஓர் எழுத்தும் இல்லாத அந்தப் படம் வார இதழில் வந்தது. பலர் கேட்காமலே எடுத்துப் பரப்பினார்கள்.

ஒரு நாள் அதே கம்பெனிக்குப் புதிதாக வந்த மேலாளர் சுகந்தி போன் செய்தார்.

"ஐயா, எங்க கூட்டத்துல உங்க படத்தைத் திரையில காட்டலாமுங்களா?"

எங்கே, யார் முன்னால், எதைச் சொல்ல என்று கேட்டுவிட்டே அனுமதி தருவது பொன்னரங்கத்தின் வழக்கம். அன்று மூன்றாவதைக் கேட்கவில்லை. ஒருவர் அனுமதி கேட்டதே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

"கேட்டீங்களே, அது போதும்மா. வந்தது வந்தபடியே இருக்கணும். எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

சுகந்தி ஒரு கோட்டையும் தொடவில்லை. கையெழுத்தையும் வெட்டவில்லை. படத்துக்கு மேலே, 'நமக்குத் தேவையில்லாத வேலைகள்' என்று தலைப்புப் போட்டார். அரங்கம் சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தார். அடுத்த ஸ்லைடில், நீக்கப்படும் வேலைகளில் ஸ்டோர் கீப்பர் வேலையும் இருந்தது. நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தவர்களுக்குப் படத்தில் இருப்பது யார் முகம் என்று தெரிந்துபோயிற்று.

"அவர்னு தெரியாதுங்கய்யா. அனுமதி வாங்கித்தானே போட்டேன்?" என்று பொன்னரங்கத்துக்குப் போன் செய்து அழுதார் சுகந்தி.

"நான்தாம்மா கேட்காம விட்டேன்" என்றார் பொன்னரங்கம்.

அன்று மாலை நாச்சிமுத்து வந்தார். "காதைச் சின்னதாத்தான் போட்டிருக்க மாப்ள. தப்பு எம்மேலதான், நான்தானே சரின்னேன்" என்றார். தங்கை கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை.

மூவரும் தவறு தம்முடையது என்றோ, தாம் அனுமதியோடு செய்ததாகவோ சொல்கிறார்கள். கொடுத்த சம்மதத்தை மீறியவர் யார்?

விடை: சுகந்திதான். எழுத்தில்லாத படத்தின் தலையில் எழுத்தை ஏற்றியதும் கூட்டியதுதான். பொன்னரங்கம் கேட்க மறந்தது கவனக்குறைவு. அது அனுமதி ஆகாது. நாச்சிமுத்து வரையத்தான் சம்மதித்தார். இப்படி விடை கண்டு யாருக்கும் பயனில்லை. ஸ்டோர் வாசலில் அந்தச் செடி இன்னும் இருக்கிறது, தூசி படிந்து.