கூலியா, விளைச்சலா?

ஆற்றுக்கு இரண்டு கரை, அரசனுக்கு ஆயிரம் ஆசை என்றிருந்த முன்னொரு காலத்தில், மகுடவர்த்தனன் என்றொரு ராஜா இருந்தான். ஒருநாள் காலை, தன் பட்டத்து யானை பளிங்குக் குளத்தில் குளித்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. கஜானாவைத் திறந்தால், உள்ளே பல்லி கூடப் பட்டினி கிடந்தது.

"உழைத்துக் கூலி வாங்கும் ஒவ்வொருவரும் அதில் ஆறில் ஒரு பங்கைக் கட்டட்டும், மன்னா" என்றார் தலைமை மந்திரி தருமசேனர்.

சபை விகடன் வேம்பையன் எழுந்தான். "மன்னிக்க வேண்டும். வாசலில் நிற்கும் கல் அதற்கு இடம் கொடுக்கவில்லையே!"

அந்தக் கல் ராஜாவின் முப்பாட்டனும் நாட்டாரும் சேர்ந்து நட்டது. அரசனே ஆனாலும் அதை மீறக் கூடாது. 'எது விளைகிறதோ, அதிலேயே ஆறில் ஒரு பங்கை அரசன் கொள்க. வேறு வரி வேண்டின், நாட்டார் கூடி இக்கல்லில் எழுதிய பின்னரே கொள்க' என்று அதில் வெட்டியிருந்தது.

வேம்பையனைக் கண்டாலே மந்திரிக்கு வயிறு எரியும். "உழைப்பும் ஒரு வயல்தான். கூலி அதன் விளைச்சல். கல்லின் பொருள் இதுவே" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"அது தவறென்றால் மூன்று நாளில் நிரூபி" என்றான் ராஜா. "முடியாவிட்டால் அந்த வரியை வீடு வீடாகப் போய் நீயே வசூலிக்க வேண்டும்."

வேம்பையன் கவலையோடு வீட்டுக்கு நடந்தான். தன்னைக் கண்டதும் சிரிக்கிற ஜனங்கள் இனிக் கதவைச் சாத்துவார்களே! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் கல்லின் முன்னே போய் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தான். 'அதிலேயே' என்ற சொல்லுக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஊருக்குள் ஓடினான்.

சபை கூடியது. "மந்திரியார் சொன்னதே சரி, மன்னா" என்றான் வேம்பையன். "உழைப்பு வயல்தான். அதில் எது விளைகிறதோ, அதிலேயே ஆறில் ஒரு பங்கைக் கையோடு கொண்டு வந்துவிட்டேன்."

மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

முதலில் நாவிதன் மாடசாமி வந்து, ஒரு மூட்டையை மந்திரியின் காலடியில் அவிழ்த்தான். உள்ளே அத்தனையும் மயிர்!

"எனக்கு விளையறது இதுதானுங்க. ஆறுல ஒரு பங்கு கொண்டாந்திருக்கேன்."

அடுத்து ஒப்பாரி பாடும் அங்கம்மாள் வந்தாள். தலையை விரித்துப் போட்டு, "என் ராசா, மந்திரி ராசா, எங்களை விட்டுப் போனீரே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

மந்திரி பதறினார். "நிறுத்து! நான் உயிரோடுதான் இருக்கிறேன்!"

"வரி பாக்கி வைக்கக் கூடாதுங்களே சாமி" என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

அப்புறம் மல்லன் இருளப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு வந்தான். "எனக்கு விளையறது குத்துங்க. நேத்து ஆறு விளைஞ்சுது. ஒண்ணு மந்திரியாருக்கு. எங்கே வாங்கிக்கிறீங்க, முதுகிலயா, தாடையிலயா?"

மந்திரி தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். "மூடனே! வரி கேட்டது கூலியில்! நீ விளைவிப்பதை யார் கேட்டார்கள்? கூலி வேறு, விளைச்சல் வேறு!"

வேம்பையன் ராஜாவை வணங்கினான். "மன்னா, நான் நிரூபிக்க வேண்டியதை மந்திரியாரே நிரூபித்துவிட்டார். கூலி விளைச்சலில்லை என்றால், அது கல்லில் இல்லாத வரி. நாட்டாரைத்தான் கேட்க வேண்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டுவிடுவோம்!" என்றான்.

நாட்டார் ஒன்பது நாள் கூடிக் கூச்சல் போட்டார்கள். பத்தாம் நாள், யானையின் பளிங்குக் குளத்துக்கு ஒரு காசும் இல்லை, ஏரி குளம் பழுது பார்க்க மட்டும், தேவைக்கு மேல் சம்பாதிப்பவர் வரி கொடுப்பது என்று முடிவாயிற்று. சிற்பி அதைக் கல்லில் வெட்டினான். முதல் ஆளாகக் கட்ட வேண்டியவர் தருமசேனர். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

அன்றைக்கே ராஜா தன் முத்து மாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டு, ஆற்றங்கரை மாந்தோப்பையும் அவனுக்கு எழுதிக் கொடுத்தான். இருளப்பன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஆடினான். அதுவரை ஒப்பாரியைத் தவிர வேறொன்றும் பாடாத அங்கம்மாள், அன்றைக்கு மந்திரியைக் கேலி செய்து நலுங்குப் பாட்டுப் பாடினாள். அதில் அதிகமாகச் சிரித்தவன் ராஜாதான்.