போல்ட்டில் வைத்த பொட்டு

"ஒரு ஆளை நம்பலாமா கூடாதான்னு எப்படிங்க மாஸ்டர் கண்டுபிடிக்கிறது?"

கார் சாவியைக் கொடுக்க வந்த நாச்சிமுத்து, சாவியைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டார்.

"வண்டி ரெடியாகட்டுங்ண்ணா, சொல்றேன்" என்று ரோகிணி மாஸ்டர் கையை நீட்டினார். சாவி மனமில்லாமல் கை மாறியது.

கோயமுத்தூருக்கு வெளியே ரேஸ் டிராக்கில் ஞாயிறுதோறும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ரோகிணி. மற்ற நாட்களில் சொந்தப் பட்டறையில் வண்டிகளைப் பிரித்து மாட்டுவார். மாஸ்டருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சிஷ்யர் நாச்சிமுத்து ஐம்பதைத் தாண்டியவர். எந்த வளைவில் எங்கே பிரேக்கை விட வேண்டும் என்று மாஸ்டர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். ஓட்டும்போது மட்டும் திறந்துகொள்வார். ஆனால் வண்டியையே விட்டுவிட்டுப் போவது வேறு விஷயமாகப் பட்டது.

அவர் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி நடத்துகிறவர். வெளி வேலைக்கு அனுப்பிய சாமான் அதேபடி திரும்பி வரும் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை. எதை அனுப்பினாலும் யாருக்கும் தெரியாமல் ஓர் அடையாளம் வைத்துத்தான் அனுப்புவார். வீட்டு மிக்சி ரிப்பேருக்குப் போனாலும் அடியில் ஒரு கீறலோடுதான் போகும்.

இப்போது போயிருப்பது மிக்சி அல்ல. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பல வருட ஆசை. டிராக்கில் பறந்தது, ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு அழுதது. மனைவி சுகந்தி கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஒருமுறை அதில் போய் இறங்கும்போது எழ முடியாமல் மாணவிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அன்று மாலையே சுகந்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார். தினமும் தன்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுகிற மாதிரி இருந்தால் அந்த வண்டி வீட்டில் நிற்கலாம், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

அதனால்தான் உயரம் கூட்டவும், ஸ்பிரிங்கை மாற்றவும், சைலன்சரின் உறுமலை அடக்கவும் வண்டி மாஸ்டரிடம் போயிற்று. புது ஸ்பிரிங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். அவற்றைக் கழற்றிக்கொண்டு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் போலியை மாட்டிவிட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்று நாச்சிமுத்து யோசிக்க ஆரம்பித்தார். யோசித்தது நாச்சிமுத்து ஆயிற்றே, தூக்கம் போயிற்று.

ஒரு நாள் மதியம் பட்டறைக்குப் போனார். எல்லோரும் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புது ஸ்பிரிங்குகள் மாட்டிய வண்டி, அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் நின்றது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு பள்ளத்துக்குள் இறங்கினார். சட்டைப் பையில் சுகந்தியின் நகப்பூச்சு இருந்தது, நல்ல சிவப்பு. ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் பிடித்து நிற்கிற ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு பொட்டு வைத்தார். பாதி போல்ட்டின் தலையில், பாதி அது உட்கார்ந்த இரும்பில். எவனாவது கழற்றினால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

சொன்ன தேதிக்கு வண்டி வரவில்லை. போன் செய்தால் பட்டறையின் தலைமை மெக்கானிக் இப்ராகிம் எடுத்தார். வழக்கமாக நலம் விசாரிக்கிறவர், இன்னும் ஆகவில்லை என்பதோடு வைத்துவிட்டார். நாச்சிமுத்து நேரில் போய் வாசலில் நின்று பார்த்தார். மாஸ்டர் ஒரு மூலையில், இப்ராகிம் ஒரு மூலையில். ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட இப்ராகிம் கேட்காமல் தானே எழுந்து போய் எடுத்தார். இத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஸ்பிரிங்கை விற்ற காசில் பங்கு பிரிப்பதில் தகராறு என்று நாச்சிமுத்து முடிவு கட்டினார். மனசு வலித்தது. மாஸ்டரைத் தெய்வம் மாதிரி நினைத்திருந்தார்.

வீட்டில் சுகந்தி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகப்பூச்சு எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் ஒரு காலை மாஸ்டரே கூப்பிட்டார், வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லி.

நாச்சிமுத்து மரியாதைக்குக்கூட உட்காரவில்லை. நேரே பள்ளத்தில் இறங்கி செல்போன் வெளிச்சத்தை அடித்தார். முதல் போல்ட்டில் அவர் வைத்த பொட்டு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதைத் துடைத்துவிட்டு, நீலத்தில் வேறு ஏதோ புதுப் பொட்டு வைத்திருந்தார்கள். இடது பக்கம் முன் சக்கரத்தில் ஒரே ஒரு போல்ட்டில் மட்டும் அவருடைய பொட்டு பாக்கி இருந்தது. நினைத்ததுதான். நினைத்தபடி நடந்ததில் ஒரு கசந்த திருப்தி இருந்தது.

"மாஸ்டர், ஸ்பிரிங்கெல்லாம் நாம வாங்குனதுதானுங்களா?"

மாஸ்டர் பள்ளத்துக்குள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். கோபமில்லாமல் பேசினார். அந்தப் பட்டறையில் போல்ட்டை முடுக்கினவர் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். இப்ராகிமுக்கு நீலம். சிவப்பு மாஸ்டருடையது. பொட்டு இருந்தால், நான் முடுக்கிவிட்டேன், இதை நம்பி ஓர் ஆள் வண்டியில் ஏறலாம் என்று அர்த்தம். மாஸ்டரின் பொட்டு உள்ள போல்ட்டில் வேறு யாரும் ஸ்பேனர் வைக்க மாட்டார்கள்.

"அன்னைக்கு எல்லா போல்ட்டையும் முடுக்காம கையால மட்டும் திருகி வெச்சுட்டுச் சாப்பிடப் போனமுங்க. வந்து பாத்தா சிவப்புப் பொட்டு. நான் முடுக்கிட்டேன்னு நெனச்சு இப்ராகிம் வண்டிய ரோட்டுக்கு எடுத்துட்டாருங்க."

நாச்சிமுத்து செல்போன் வெளிச்சத்தை அணைத்தார்.

"மொத வேகத்தடையில சக்கரம் லொடலொடன்னுருக்குது. மெதுவாப் போனதால ஆள் பொழச்சாரு. முடுக்காம எதுக்குப் பொட்டு வெச்சீங்கன்னு அவரு என்னைக் கேட்டாரு. என் நெறத்துல நீங்க எதுக்கு வெச்சீங்கன்னு நான் அவரைக் கேட்டேன். அப்புறம் பேச்சே இல்லீங்க."

நாச்சிமுத்து தலையை உயர்த்திப் பார்த்தார். மேலே இப்ராகிம் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தானுங்க வெச்சேன்" என்றார் நாச்சிமுத்து. சட்டைப் பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துப் பள்ளத்தின் விளிம்பில் வைத்தார். "இப்ராகிம் பாய், மன்னிச்சுருங்க."

இப்ராகிம் நகப்பூச்சைப் பார்த்தார். பிறகு வெகு நாளைக்குப் பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அந்த ஸ்பேனரைக் கீழே நீட்டினார், நாச்சிமுத்துவிடம்.

"தொடைக்கறப்பத்தான் அது நகப்பூச்சுன்னு தெரிஞ்சுது. உங்களுக்காக அந்த ஒண்ணு மட்டும் இன்னும் முடுக்கலைங்ண்ணா" என்றார் மாஸ்டர். "சுகந்தியக்கா உக்கார்ற பக்கம்."

எவ்வளவு முடுக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். நாச்சிமுத்து வைத்து இழுத்தார். போல்ட் எந்தத் தடையும் இல்லாமல் திரும்பியது. திருடனைப் பிடிக்க வைத்த பொட்டு அவர் கையாலேயே இரண்டாகப் பிளந்தது. மேலும் இழுத்தார். வியர்த்தது. டக்கென்று கேட்டது.

பழைய பொட்டைத் துடைத்துவிட்டு எந்த நிறத்தில் வைப்பது என்று கேட்டார். மாஸ்டர் நகப்பூச்சை எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

மேலே ஏறி வந்ததும் மாஸ்டர் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து சுகந்தியின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இப்ராகிம் கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார். வெளியே ரோடு, ரோட்டில் அந்த வேகத்தடை.

நாச்சிமுத்து சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. கேட்டது டக் சத்தம்தானா, ஸ்பேனர் நழுவின சத்தமா என்று இப்போது நிச்சயமில்லை.

"மாஸ்டர், நான் முடுக்குனத நீங்க ஒருதரம் பாக்கலீங்களே?"

மாஸ்டர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பொட்டு இருக்குதில்லீங்ண்ணா. எடுங்க வண்டிய."