மயிலாத்தாவோட ரெண்டு குரல்

ஒரு ஊர்ல ஒரு தாலாட்டு இருந்துச்சாம். அதைப் பாடுறவ மயிலாத்தா, பனியன் கம்பெனியில தையல்காரி. அவளுக்கு ஆறு மாசக் குழந்தை. அம்மா பாடினாத்தான் அது தூங்கும். ம் சொல்றியா?

"ம், பாட்டி."

மறுநாள்லேர்ந்து அவ வேலைக்குத் திரும்பணும். பகல்ல குழந்தை எப்படித் தூங்கும்? அதனால மாமியாரோட போன்ல பாட்டைப் பதிவு பண்ணி, போட்டுக் கேட்டா. கீச்சுனு யாரோ ஒருத்தி பாடுறா!

"ஐயோ அத்தை, இது எவளோ!"

அப்புறம் தொண்டை கட்டியிருக்கும்னு மிளகுப்பால் மடக் மடக்குனு குடிச்சுட்டுப் பாடினா. அதே கீச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு போனை வாங்கிப் பாடினா. அதுலயும் அந்தக் கீச்சுக்காரியேதான்.

மாமியார் சிரிச்சாங்க. "உன் குரலேதான் சாமி. கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அப்போ மூணாவதா, தடுப்பூசி போடுற நர்ஸக்கா கிட்ட ஓடினா. அவங்க சொன்னாங்க: "ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ம்ம்ம்னு சொல்லு."

நீயும் சொல்லு பார்ப்போம்.

"ம்ம்ம்... உள்ள கொர்ர்ர்னு கேக்குது!"

ஆமா. நம்ம பேச்சு நமக்குக் காத்து வழியாவும் வருது, மண்டை எலும்பு வழியாவும் வருது. எலும்பு வழியில கனமா வரும். அது போனுக்கும் போகாது, மத்தவங்களுக்கும் போகாது.

"அப்போ இத்தனை வருஷமா என் குரலை நான் மட்டுந்தான் கேட்டேனா? ஊர் கேட்டதை நான் கேட்டதே இல்லையா?"ன்னா மயிலாத்தா. நர்ஸக்கா, "அப்படித்தான் போல"ன்னாங்க.

"எது நிஜக் குரல், பாட்டி?"

தெரியலடி. இத்தனை வயசாகி எனக்கும் தெரியல.

அப்புறம் வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தொட்டில்ல போட்டு, பாட்டைப் போட்டாங்க. குழந்தை போனைப் பார்த்துச்சு. அம்மா வாயைப் பார்த்துச்சு. வாய் மூடியிருக்கு, பாட்டு மட்டும் வருது! வீல்னு அலறிடுச்சு.

"நீ வெளிய போ சாமி"ன்னாங்க மாமியார்.

மயிலாத்தா கதவுக்குப் பின்னாடி நின்னா. அழுகை தேம்பலாச்சு. தேம்பல் நின்னுச்சு. போன் பாட்டோட தொட்டிலும் கிரீச், கிரீச்.

"தூங்கிடுச்சா?"

தூங்கிடுச்சு. இனிமே அவ வேலைக்குப் போகலாம். ஆனா அவ நகரல. போன்ல தனக்குத் தெரியாத ஒருத்தி பாடி, தன் குழந்தையைத் தூங்க வைக்கிறதைக் கேட்டுக்கிட்டே நின்னா.

அவ்வளவுதான். கதை கண்ணை மூடிக்கிச்சு, நீயும் மூடிக்கோ.