ஜன்னல் பக்கம் போன மேகம்

"வானம் என்னைக் கைவிட்டுடுச்சு மேடம்" என்றார் சீடர்.

சீடர் பெயர் அருளானந்தம். வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, புதுக் கிரகம் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்டேன் என்று வீட்டில் சவால் விட்டு, மலைமேல் இருக்கும் இந்த வானாய்வுக் கூடத்துக்கு வந்தவர். வெள்ளிக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. கிரகம் கிடைக்காவிட்டால் மறுபடி ஒன்பதாம் வகுப்புதான்.

குரு நாச்சியார் அவரைவிட இளையவர். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது.

"எப்படித் தேடுறீங்க?"

"சின்ன நட்சத்திரமாப் பார்த்துத் தேடுறேன். கிரகம் குறுக்கே போனா வெளிச்சம் கொஞ்சம் மங்கும். அதை வெச்சுப் பிடிச்சிடலாம்."

"ரொம்ப மங்கினா?"

"அது கருவிக் கோளாறு மேடம். அப்படி வந்தா தூக்கிப் போடச் சொல்லி ப்ரோகிராம்லயே ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவு மங்கணும்னா கிரகம் வியாழன் சைஸ்ல இருக்கணும். அந்தப் பொடி நட்சத்திரம் அதுக்கு எங்கே போகும்?"

அறைக்கு ஒரே ஜன்னல். அதை ஒட்டி வேலி. திடீரென்று அறை இருண்டது. உடனே வெளிச்சம் வந்தது.

"மேகம்" என்றார் சீடர்.

"நிறைய தூக்கிப் போட்டீங்களா?"

"ஒரே ஒரு நட்சத்திரம்தான் மேடம் தொல்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை, மணி அடிச்ச மாதிரி அதே கோளாறு."

குரு அவரையே பார்த்தார்.

அறை மறுபடி இருண்டு வெளுத்தது.

"மறுபடி மேகம்" என்றார் சீடர்.

குரு கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாட்ச்மேன் லீவு. கேட் சாவி உங்ககிட்டதானே இருக்கு? எங்க வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டு வர்றேன்னார். வந்தாரா?"

"இல்லையே மேடம். வேற ஒருத்தன் வந்தான். கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறான். உங்க வீட்டுக்காரராம். எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. வேற இடம் பாருன்னு துரத்திட்டேன்."

"ஏன்?"

"நீங்க இத்தனூண்டு. அவன்..."

சீடர் இரண்டு கையையும் அகல விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது.

அறை இருண்டது. இந்த முறை வெளிச்சம் திரும்பவில்லை. ஜன்னல் முழுக்கக் கட்டம் போட்ட சட்டை.

"நாச்சி, இன்னும் எத்தனை தடவை இதைச் சுத்தி வர்றது?" என்றது மேகம். "குழம்பு ஆறுது."

சீடர் கணினி அறையைப் பார்த்து ஓடினார்.

"எங்கே ஓடுறீங்க?"

"தூக்கிப் போடச் சொன்ன அந்த வரியை அழிக்கணும் மேடம்."

"அழிங்க. முதல்ல கேட்டைத் திறங்க."