விட்டுவைத்த பள்ளம்

“வண்டி முழுக்கப் புதுசா ஆயிரணும்வே. இந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுரும்” என்றார் குத்தாலிங்கம்.

உதுமான் பள்ளத்தைப் பார்த்தார். டிரைவர் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

“சரி” என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் குத்தாலிங்கம் சொல்லியிருப்பார். ஏழு வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. சுரண்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். குத்தாலிங்கம் அந்தப் பழைய பிக்கப் வண்டியில் தோட்டம் தோட்டமாகக் காய்கறி ஏற்றிச் சந்தையில் இறக்குபவர். உதுமான் முப்பது வருஷமாக லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

கூடப் படித்தவனைக் குருவாக நினைப்பது லேசான காரியம் இல்லை. அவன் மூக்கு ஒழுகி நின்றதையெல்லாம் பார்த்திருப்போம். ஆனாலும் மனசில் எதுவும் முட்டினால் குத்தாலிங்கம் உதுமானிடம்தான் போவார். உதுமான் அநேகமாகப் பதில் சொல்ல மாட்டார். ஏதாவது செய்வார். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இவர் வீடு திரும்புவார்.

இந்தத் தடவை முட்டியது ஒரு கல்யாணம்.

தங்கச்சி செண்பகத்தின் மகள் கோகிலாவுக்கு வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். தாய்மாமன் சீர் இந்த வண்டியில்தான் போக வேண்டும். கதவில் பள்ளம் போட்டதோ அதே செண்பகத்தின் புருஷன் கோமதிநாயகம். ஏழு வருஷத்துக்கு முன்னால், குத்தாலிங்கத்தின் அப்பா செத்த பதினாறாம் நாள் வாய்ச்சண்டை முற்றி, வாசலில் கிடந்த அம்மிக்குழவியைத் தூக்கி வண்டியின் மேல் எறிந்துவிட்டார்.

குத்தாலிங்கம் சொல்லும் கதை இவ்வளவுதான்.

அன்றைக்கு உருமா கட்டு. அப்பாவை இழந்த மகனுக்கு உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் புதுத்துண்டு கட்டுவார்கள். கோமதிநாயகம் துண்டோடு ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். குத்தாலிங்கம் அவரைத் தாண்டிப் பார்த்து, தன் பெண்டாட்டியின் தம்பியை முதலில் கூப்பிட்டுத் தலையை நீட்டினார். இந்தத் துண்டு சமாச்சாரம் அவர் கதையில் வராது.

கல்யாணத்துக்கு அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் மண்டப வாசலில் நிற்பார்கள். பளபளவென்று வண்டி வந்து நிற்கும். கதவில் மட்டும் பள்ளம். இது என்ன என்று யாராவது ஒருத்தர் கேட்காமலா போவார்? கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான்.

உதுமானிடம் வேலை பேசி முடித்த சில நாளில் இது எப்படியோ செண்பகத்தின் காதுக்குப் போய்விட்டது. அவள் திங்கட்கிழமை போன் பண்ணினாள்.

“அண்ணே, சீரைக் கொண்டுவா. பழசைக் கொண்டுவராத. அங்க வச்சு நீ அதைப் பேசினா, எனக்குப் பொறந்த வீடு இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்.”

போனை வைத்துவிட்டாள்.

அதிலிருந்து குத்தாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குத் தங்கச்சியும் வேண்டும், பள்ளமும் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் உதுமான் பெயிண்ட் டப்பாக்களோடு வந்து இறங்கியதும் முதல் வேலையாக இதைத்தான் கொட்டினார்.

“பள்ளம் இருந்தா தங்கச்சி போயிருவா. பள்ளம் போயிட்டா, அவன் செஞ்சது ஒண்ணுமில்லைன்னு ஆயிரும். நான் என்னவே செய்ய?”

உதுமான் வாளியை நீட்டினார்.

“தண்ணி கொண்டாரும்.”

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்கும் சுவருக்கும் நடுவே தார்ப்பாய் கட்டினார்கள். வண்டியைக் கழுவினார்கள். கண்ணாடி, விளக்கு, நம்பர் பலகை எல்லாவற்றையும் கழற்றி வரிசையாகச் சாக்கில் வைத்தார்கள். உதுமான் பானட்டில் ஆரம்பித்தார்.

ஒரு பழைய பனியன் துணியைப் பானட்டின் மேல் விரித்தார். துணியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நகர்த்தினார்.

பாதியில் கை நின்றது.

“இங்க ஒண்ணு” என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். கை மறுபடி நகர்ந்தது. “இங்க ஒண்ணு.”

குத்தாலிங்கம் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். தகரம் தட்டையாகத்தான் இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேவே.”

உதுமான் கறுப்புப் பெயிண்டில் நிறையத் தின்னர் ஊற்றிக் கலக்கினார். பெயிண்ட் அடிக்கும் கன்னை எடுத்து, பானட் முழுக்கப் புகை மாதிரி மெல்லிசாகத் தூவினார். காய்ந்ததும் ஒரு நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டு விட்டு இழுத்தார். கட்டை பட்ட இடமெல்லாம் கறுப்பு போய் வெளுத்தது. தாழ்ந்த இடத்தில் கட்டை படாது. அங்கே கறுப்பு அப்படியே நிற்கும்.

இரண்டு இடத்தில் நின்றது. சாக்பீஸ் வைத்த அதே இரண்டு இடம்.

குத்தாலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சின்ன வயசிலிருந்து பார்க்கிற கை. டீ கிளாஸ் பிடிக்கிற கை என்றும் பீடி பற்றவைக்கிற கை என்றும்தான் இத்தனை நாளும் அதை நினைத்திருந்தார்.

“கண்ணுக்குத் தெரியாதது கைக்கு எப்படிவே தெரியுது?”

“கண்ணு வெளிச்சத்தைப் பாக்கும்வே. கை தகரத்தைப் பாக்கும்.”

மதியத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. உதுமான் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். சும்மா இருக்கக் குத்தாலிங்கத்துக்கு ஆகாது. கறுப்பு நின்ற இரண்டு இடத்தையும் பார்த்தார். உப்புத்தாளைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு, அந்த இடங்களைப் போட்டுத் தேய்த்தார். வேர்த்து ஊற்றியது. கடைசியில் கறுப்பு போயே போய்விட்டது.

உதுமான் திரும்பி வந்ததும் பெருமையாகக் காட்டினார். உதுமான் துணியைப் போட்டுக் கையை வைத்தார்.

“குழியாக்கிட்டீரே.”

“கறுப்பு நின்னுச்சு. அதான் தேய்ச்சேன்.”

“கறுப்பு எடத்தைக் காட்டத்தானவே நிக்கி. அதையே போட்டுத் தேய்ச்சா அது என்ன செய்யும் பாவம்?”

பள்ளத்தை அடைக்கிற பட்டியைக் குழைத்து இரண்டு குழியிலும் வைத்தார். காய்ந்ததும் மறுபடி கறுப்பைத் தூவினார், மறுபடி இழுத்தார். இந்தத் தடவை எங்கேயும் கறுப்பு நிற்கவில்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் மற்ற இடமெல்லாம் முடிந்துவிட்டது. துருப்பிடித்த ஓரிடத்தில் வெள்ளையைச் சுரண்டினார்கள். உள்ளே மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குள்ளே சாம்பல். அதற்கும் உள்ளே வெறும் தகரம், புதுப் பாத்திரமாக மின்னியது. இருபது வருஷம் ஓடிய வண்டிக்குள் இப்படி ஒன்று கெட்டுப்போகாமல் இருக்கும் என்று குத்தாலிங்கம் நினைத்ததே இல்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேலி செய்கிறாரா என்று உதுமானைப் பார்த்தார். அவர் உப்புத்தாளை மாற்றிக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது டிரைவர் பக்கத்துக் கதவு.

உதுமான் சாக்பீஸை நீட்டினார்.

“எதை விடணுமோ அதை வரைஞ்சு காட்டும். அதுக்கு மட்டும் பேப்பர் ஒட்டிட்டு மத்ததுக்கு அடிக்கேன்.”

குத்தாலிங்கம் யோசிக்கவே இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். ஏழு வருஷப் பழக்கமாயிற்றே.

உதுமான் பனியன் துணியை அவர் கையில் கொடுத்தார்.

“கையை வச்சுப் பாத்துக்கிடும். குறையா ஒட்டிட்டா பொறவு நம்ம மேல வருத்தம் வரக்கூடாது.”

குத்தாலிங்கம் துணியைப் போட்டுக் கண்ணை மூடினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக நகர்த்தினார். கை வட்டத்தைத் தாண்டியது. தாண்டிய பிறகும் தகரம் உள்வாங்கித்தான் கிடந்தது.

வட்டத்தை அழித்துவிட்டு ஆரஞ்சுப்பழம் அளவுக்குப் போட்டார். மறுபடி கையை வைத்தார். அதையும் தாண்டியது. அழித்துவிட்டு, சிரட்டை அளவுக்குப் போட்டார்.

அதற்கு அப்புறமும் சரிவு இருந்தது.

சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். கொஞ்சம் பயமாகவே இருந்தது. இந்தப் பள்ளத்தைத் தனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தார்.

“எங்க முடியுதுன்னே தெரியலவே.”

உதுமான் கன்னை எடுத்தார். பள்ளத்தில் தூவாதீரும் என்று குத்தாலிங்கத்துக்கு வாய்வரை வந்தது. அதற்குள் கதவு முழுக்கக் கறுப்பு படிந்தது.

காய்ந்ததும் உதுமான் கட்டையை அவரிடமே கொடுத்தார்.

“அழுத்தாதீரும். நீளமா இழுத்து விடும்.”

குத்தாலிங்கம் இழுத்தார். உதுமான் குவளையால் தண்ணீர் விட்டார். கறுப்புத் தண்ணீர் கதவில் வழிந்து மண்ணில் இறங்கியது. இரண்டாவது தடவை இழுத்தார். மூன்றாவது தடவை இழுத்தார். கதவு வெளுத்துக்கொண்டே வந்தது.

வெளுக்காதது மட்டும் நின்றது.

நடுவில் ஒரு பாக்கு அளவுக்குக் குழவி பட்ட இடம். அதைச் சுற்றி, அதை முழுக்க மூடிக்கொண்டு, ஒரு உள்ளங்கை. மணிக்கட்டுப் பக்கம் கன்னங்கறேலென்று இருந்தது. மேலே நான்கு விரல் மெல்லிசாக, கொஞ்சம் சாய்ந்து. பக்கத்தில் கட்டைவிரல் தனியாக.

குத்தாலிங்கம் இரண்டு எட்டு பின்னால் போனார். கோமதிநாயகத்தின் கையா? அவர் தூரத்தில் நின்று எறிந்தவர், வண்டியைத் தொடக்கூட இல்லை. செத்துப்போன அப்பாவின் கையோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கும்பிடலாமா ஓடலாமா என்று தெரியவில்லை.

“இது யாரு கைவே?”

உதுமான் கதவை அகலத் திறந்து வைத்தார்.

“சாத்தும்.”

குத்தாலிங்கத்துக்குப் புரியவில்லை. என்றாலும் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை தோட்டத்திலும் சந்தையிலும் இறங்கிச் சாத்துகிற கதவு. எங்கே பிடிக்கலாம் என்று கை தேடவில்லை. பழகின இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்து, ஓங்கி ஒரு தள்ளு தள்ளியது.

கதவு சாத்திக்கொண்டது.

கை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு விரலும் அதனதன் கறுப்பில் இருந்தது. வெளியே ஒரு நூல்கூடக் கறுப்பு மிச்சம் தெரியவில்லை. கோமதிநாயகம் போட்டது உள்ளங்கைக்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

குத்தாலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அந்த ஞாபகம் அவருக்கு வரவில்லை. கையையே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். தார்ப்பாயின் நிழல் காலடியிலிருந்து நகர்ந்து, முதுகில் வெயில் விழுந்தது.

பிறகுதான் கேட்டார்.

“பட்டி வச்சா, காய எவ்வளவு நேரம் ஆகும்வே?”

உதுமான் பட்டி டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார்.

“நீரு கையை எடுத்தா, அரை மணி நேரம்.”